இலையான் தின்னும் அன்னாசி

இராசாத்தி கருவாடு காயப்போடும் தடிப் பரணில் இருந்த இலையான்கள் ஒரு நாள் ஒரு கீரி மீனைத் தூக்கிக்கொண்டு போய்த் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் வைத்துவிட்டன. ஈயைத்தான் குருநகரில் இலையான் என்போம். காகம் கொண்டுபோய்ப் போட்டது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் அப்போது அங்கே நிற்கவில்லை. நான் எதிர்ப்பக்கம் பூவரசுக்குக் கீழே கதிரை போட்டு இருந்தேன். மீன் முதலில் ஒரு முழம் உயர்ந்தது. கொஞ்சம் யோசித்தது. பிறகு காற்றுப் பக்கம் திரும்பி, மதிலைத் தாண்டி, படி ஏறாமலே மூன்றாம் மாடிக்குப் போய், தனுஷா ரீச்சர் காயப் போட்டிருந்த வெள்ளைச் சேலையில் இறங்கியது.

தனுஷா ரீச்சர் மரியாதையான மனுஷி. சண்டைக்கு வரவில்லை. மீனை ஒரு சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி வந்து இராசாத்தியிடம் நீட்டினார்.

"இராசாத்தியக்கா, உங்கடை மீன்."

"உது எப்பிடி ரீச்சர் அங்கை வந்தது?"

"அதைத்தான் நானும் கேக்க வந்தனான். சோத்துக் கோப்பைக்கை இலையான். பிள்ளையின்ரை பால் போத்தல்லை இலையான். கதவைப் பூட்டினா வேர்வை, திறந்தா இலையான். நானும் எவ்வளவு காலத்துக்கக்கா பொறுக்கிறது?"

இராசாத்தி மீனை வாங்கி, முகர்ந்து பார்த்து, பரணில் பழைய இடத்திலேயே வைத்தாள். வேறு என்ன செய்வாள்? ரீச்சர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் சொன்னார். அதில் பிழை சொல்ல முடியாது. எனக்குப் பால் போத்தல் இல்லாதபடியால் நான் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பெயர் சிவதர்ஷன். காங்கேசன்துறைப் பக்கத்துப் பிள்ளை. ஹெல்மெட்டைக் கழற்றினார். உடனே திரும்பப் போட்டுக்கொண்டார். தலையில் அவ்வளவு இலையான் இருந்தது. ஹெல்மெட்டுக்குள் இருந்தபடியே கதைத்தார்.

"அம்மா, நானும் கடற்கரைப் பொடியன்தான். கருவாடு இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. ஆனா உது சரியில்லை. சனம் இருக்கிற இடம். யாகப்பர் திருநாள் முடிய வந்து பாப்பன். இலையான் உப்பிடியே நிண்டால் பரணைப் பிடுங்கத்தான் சொல்லுவன்."

"குறைஞ்சிருந்தா?"

"குறைஞ்சிருந்தா நான் ஏனம்மா பிடுங்கிறன்?"

இராசாத்தியின் புருஷன் செபநாயகம் படலையில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். அவன் ஒரு காலத்தில் சொந்தப் படகு வைத்திருந்த சம்மாட்டி. அவனுடைய வலையை இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போனது முதல் தடவையல்ல, கடைசித் தடவை. அதற்குமேல் அறுப்பதற்கு அவனிடம் வலை இல்லை. பிறகு எஞ்சினும் போனது. படகு கரையில் கவிழ்ந்து கிடக்கிறது; ஆடுகள் அதன் நிழலில் படுக்கின்றன. மற்றவர்களின் படகில் வருகிற சூடையையும் கீரியையும் இராசாத்தி எடுத்து, வெட்டி, உப்புப் போட்டு, அந்தப் பரணில் உலர்த்தி விற்பதால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. பரண் போனால் அடுப்பும் போகும். பரணை வேறு எங்கும் கொண்டுபோய்ப் போட அவர்களுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது.

காலமும் நல்ல காலமில்லை. பனம்பழம் விழத் தொடங்கியிருந்தது. இலையானுக்கு அதுதான் கலியாணக் காலம். பரணைப் பார்த்தால் யாரோ கறுப்புப் பெயின்ற் அடித்த மாதிரி இருக்கும். இராசாத்தி கையைத் தட்டினால் பெயின்ற் எழும்பிப் பறக்கும், மீன் தெரியும். கையை எடுத்தால் பெயின்ற் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். கொழும்பிலிருந்து கருவாடு வாங்க வந்த ஒருவர், "என்ன, மிளகு காயவிட்டிருக்கிறீர்களோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவள் செய்யாத வேலையில்லை. தேங்காய்ப் பொச்சுமட்டை கொளுத்திப் புகை போட்டாள். இலையான்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருந்தன, போகவில்லை. செபநாயகத்தின் பழைய வலைத் துண்டைப் போர்த்தினாள். மீன் வலையை இலையான் போய்வர வசதியாகத்தான் பின்னியிருக்கிறார்கள். கொசுவுக்குக் கட்டுகிற நுளம்பு வலையைப் போர்த்தினாள். இலையான் நின்றது, ஆனால் உள்ளே மீன் வேர்த்துப் பூஞ்சணம் பிடித்தது.

"எல்லாரும் தோட்டத்துப் பூச்சி மருந்தைத்தான் அடிக்கினம்," என்றான் செபநாயகம். "ஒருக்கா அடிச்சா ஒரு இலையான் கிட்ட வராது. நாங்களும் அடிப்பம்."

"அடிச்சுப்போட்டு அந்தக் கருவாட்டை நீங்கள் தின்னுவியளே?"

"நான் ஏன் தின்னுறன்? விக்கிறதுக்கெல்லோ!"

"அப்ப அதை வேண்டித் தின்னுற சனத்துக்கு என்ன, வயிறு தகரத்திலையே செய்து கிடக்கு?"

அதோடு அந்தக் கதை முடிந்தது. அவள் மீனில் உப்பைத் தவிர வேறு எதையும் போட்டதில்லை. போடவும் மாட்டாள். செபநாயகம் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். நான் கடலைப் பார்த்தேன்.

யாகப்பர் தேவாலயத்தில் திருநாளுக்குக் கொடி ஏற இருந்த கிழமையில்தான் றொகான் வந்தான். செபநாயகத்தின் தங்கச்சி மகன். கம்பஹாவில் ஒரு பூங்கன்றுத் தோட்டத்தில் வேலை. ஹோட்டல்காரர்கள் வாங்குகிற வெளிநாட்டுக் கன்றுகளெல்லாம் அங்கே இருக்கின்றனவாம். மாமியின் பரணுக்கு வந்த வில்லங்கத்தைத் தாய் போனில் சொல்லியிருக்கிறாள். பெடியன் ஒரு வாளியை மடியில் வைத்துக்கொண்டு இரவு முழுக்க பஸ்சில் வந்து இறங்கினான். வாளிக்குள் ஒரு கன்று.

பார்வைக்கு அன்னாசிதான். ஆனால் அன்னாசி மாதிரிக் கையை விரித்துக்கொண்டு நிற்கவில்லை. இலைகள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக் குழாய் மாதிரி நிமிர்ந்து நின்றன. மஞ்சள் தட்டின பச்சை. இலையின் உட்பக்கமெல்லாம் பிள்ளைக்குப் பவுடர் போட்ட மாதிரி வெள்ளைத் தூள். குழாயின் அடியில் தண்ணீர் நின்றது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் தேன் மாதிரி ஒரு மெல்லிய மணம்.

"என்ன மோனை உது, அன்னாசியோ?" என்றாள் இராசாத்தி.

"அன்னாசியின்ரை சொந்தம் மாமி. பழம் வராது."

"பழம் வராத அன்னாசியை ஏன்ரா கம்பஹாவிலையிருந்து மடியிலை வைச்சுக் கொண்டந்தனீ?" இது செபநாயகம்.

"உது இலையான் தின்னும் மாமா."

செபநாயகம் மருமகனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். "கனிசியஸ், உம்மடை புளுகு வியாதி பெடியனுக்கும் தொத்தீட்டுது, காணும்."

கப்பலில் வேலை செய்த காலத்தில் ஆட்டுக்குட்டியை விழுங்கி மணியை மட்டும் துப்புகிற ஒரு மரத்தை எனக்குத் தெரியும். ஆனால் அது அன்னாசி இனமில்லை.

றொகான் விளங்கப்படுத்தினான். இது தென் அமெரிக்காவில் மலை உச்சியில் முளைக்கிறதாம். அங்கே மண்ணில் சத்துக் கிடையாதாம். ஆகவே மணத்தைக் காட்டிப் பூச்சியைக் கூப்பிடும். பூச்சி வந்து இலையில் இருக்கும். வெள்ளைத் தூள் காலை வழுக்கும். உள்ளே தண்ணீருக்குள் விழுந்தால் ஏறி வர முடியாது.

"அப்ப விழுந்து சாகுது எண்டு சொல்லு," என்றான் செபநாயகம். "தின்னுது எண்டு ஏன் சொல்லுறாய்?"

"அதிலைதான் மாமா படிச்ச ஆக்களுக்கை ரெண்டு கட்சியாம். பூச்சி அழுக, அந்தச் சாறை உது இலையாலை உறிஞ்சிக் குடிக்குது எண்டு சிலபேர் சொல்லுகினம். ஆனா தானே செமிக்கப் பண்ணுறேல்லையாம். தண்ணிக்கை இருக்கிற கிருமியள்தான் செய்து குடுக்குதாம்."

"வலைகூடத்தான் மீனைப் பிடிக்குது. வலை மீன் தின்னுது எண்டு ஆரும் சொன்னவையே?"

"செபநாயகம்," என்றேன் நான், "நீரும் சமைக்கிறேல்லை. இராசாத்தி சமைச்சுத் தாறதைத்தான் விழுங்கிறீர். அதுக்காக நீர் தின்னுறேல்லை எண்டு ஆரும் சொன்னவையே?"

இராசாத்தி சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன். "தின்னட்டும், குடிக்கட்டும். இலையான் செத்தாக் காணும்," என்று சொல்லி வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனாள்.

றொகான் போகும்போது ஒரு கான் தண்ணீரைக் கொடுத்துவிட்டுப் போனான். "மாமி, உதுக்கு மழைத் தண்ணி மட்டும்தான். குழாய்க்கை தண்ணி வத்த விடாதேங்கோ. உங்கடை கிணத்துத் தண்ணியை மட்டும் மறந்தும் விட்டிடாதேங்கோ, உப்பு. உப்புப் பட்டால் உது செத்துப்போம்."

"எனக்கு உது தெரியாதே மோனை?" என்றாள் இராசாத்தி. பரணுக்கு நடுவே முக்காலி வைத்து, அதன்மேல் வாளியை வைத்து, வாளியின் பிடியில் யாகப்பர் படம் போட்ட ஒரு பதக்கத்தையும் கட்டிவிட்டாள்.

முதல் நாள் நடந்ததை நான் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். ஒரு இலையான் வந்தது. குழாயின் விளிம்பில் இருந்து கையைத் தேய்த்தது. உள்ளே எட்டிப் பார்த்தது. வழுக்கியது. பின்னால் வந்த இலையான் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றது, அதுவும் இறங்கியது. மத்தியானம் ஆக முன்னர் வரிசை பிடித்துவிட்டது. பெற்றோல் இல்லாத அந்த வருஷத்தில் நாங்கள் நின்றோமே, அதே மாதிரி வரிசை. இடையில் புகுந்த இலையானை மற்ற இலையான்கள் பிடித்துப் பின்னால் அனுப்பியதையும் கண்டேன். செபநாயகமும் கண்டான், இப்போது கேட்டால் இல்லை என்பான்.

ஒழுங்கைச் சனமெல்லாம், அந்தச் சந்து முழுக்க, வந்து பார்த்தது. இராசாத்தி ஒரு ஈர்க்கினால் குழாய்க்குள் கிளறி, செத்த இலையான்களைக் காட்டினாள். கலியாண வீட்டில் நகை காட்டுகிற மாதிரிக் காட்டினாள். தனுஷா ரீச்சர்கூட மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்தார். "நல்லதுதானக்கா," என்றார். முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிக்கொண்டே ஏறிப் போய்விட்டார்.

ஆட்டிக்கொண்டுதான் போனார். அதில்தான் விஷயம் இருந்தது. அன்னாசி ஒரு இலையானை முடிப்பதற்குள் தொடர்மாடிக்குப் பின்னால் இருக்கிற குப்பை மேட்டில் ஒரு கிராமம் பிறந்து, ஞானஸ்நானமும் பெற்றுவிடும். அதுபோக, அந்தத் தேன் மணம் காற்றில் போகத் தொடங்கியது. இராசாத்தியின் பரணைக் கேள்விப்பட்டேயிராத இலையான்களும் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்தன. பக்கத்துப் பாஷையூரிலிருந்து வந்தவற்றை நான் பார்த்த உடனேயே கண்டுபிடித்துவிட்டேன். நிறம் ஒன்றுதான், ஆனால் பாஷையூர் இலையானுக்குக் கொஞ்சம் திமிர் கூட.

"இஞ்சாருமப்பா," என்றான் செபநாயகம், "உம்மடை அன்னாசி விருந்துக்கு ஊரைக் கூப்பிடுது. பந்தியிலை இருத்த இடம் காணாது."

"வரட்டும். வந்தாத்தானே தின்னும்."

"அதின்ரை வாய் ஒரு கோப்பை அளவு. வாறது ஒரு லொறி அளவு."

"ஒண்டு காணாதெண்டு எனக்கும் தெரியும்," என்றாள் அவள். கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "உது குட்டி போடுமாம். றொகானைக் கேட்டனான். அடியிலை பக்கக் கன்று வருமாம். பிரிச்சு வைச்சாச் சரி."

"எப்ப வருமாம்?"

"கனகாலம் எடுக்குமெண்டுதான் சொன்னவன்." அவள் பரணைச் சுற்றிப் பார்த்தாள். "இவையள் எல்லாத்துக்கும் ஒரு காலம் கிடக்குத்தானே."

அடுத்த நாள் பார்த்தால், பரணைச் சுற்றிவரப் பெயின்ற் தகரம், பால்மாப் பேணி, உடைந்த வாளி, சிரட்டை என்று வரிசையாக அடுக்கி, எல்லாவற்றுக்குள்ளும் மண் நிரப்பி வைத்திருந்தாள். பிறக்காத குட்டிகளுக்கு. ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி நட்டிருந்தாள், இடம் மாறிவிடாமல். செபநாயகம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் அவனுடைய காலை மிதித்தேன்.

கம்பஹாத் தண்ணீர் முடிந்தது. வெயில் அப்படி. கான் வெறுமையானபோது வானத்தில் ஒரு முகில் இருந்தது. அதுவும் வேறு யாருடையதோ. யாழ்ப்பாணத்தில் ஆடி மாதத்தில் மழை கேட்பது கடற்கரையில் நின்று மாம்பழம் கேட்பது போல. பவுசரில் வருகிற குடி தண்ணீரை விடலாம் என்றேன். இராசாத்தி முகர்ந்து பார்த்தாள். "மருந்து மணக்குது," என்று சொல்லித் தள்ளிவிட்டாள். மருந்து என்ற சொல் அவளுக்கு ஆகாது.

அப்போதுதான் அவளுக்குக் கோயில் தண்ணீர் ஞாபகம் வந்தது. திருநாள் காலம். கோயில் வாசலில் நீலப் பீப்பா நிறைய மந்திரித்த தண்ணீர். சனம் போத்தலில் பிடித்துக்கொண்டு போய்ப் படகுக்குத் தெளிக்கும், எஞ்சினுக்குத் தெளிக்கும், வருத்தக்காரருக்குக் குடிக்கக் கொடுக்கும்.

"அதை விட நல்ல தண்ணி உலகத்திலை கிடக்கே, கனிசியஸ் அண்ணை?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு போத்தல் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆனால் இராசாத்தி கவனமில்லாத பெண் இல்லை. றொகான் சொன்னது ஞாபகத்தில் இருந்தது. உப்பு இருக்கிறதோ என்று முதலில் தானே ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். நாக்கைச் சப்பினாள். "தேன்," என்றாள். செபநாயகத்திடம் கொடுத்தாள். அவன் இரண்டு வாய் குடித்தான். "நல்ல தண்ணி," என்றான். எனக்கும் தந்தாள். இளநீர் மாதிரி இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், இளநீர் மாதிரித்தான் இருந்தது.

மூன்று பேரும் சேர்ந்து அதை அன்னாசிக்கு வார்த்தோம். அடுத்தடுத்த நாளும் வார்த்தோம்.

திருநாள் நடந்தது. யாகப்பரின் சுரூபம் தெருவைச் சுற்றி வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இராசாத்தி இந்த முறை கட்டிக்கொடுத்த மகள்மாருக்காகவோ, செபநாயகத்தின் மூட்டு வலிக்காகவோ மன்றாடவில்லை. நான் பக்கத்தில் நின்றபடியால் கேட்டது. "அப்பனே, அதுக்கு நல்ல பசியைக் குடு," என்றாள்.

கொடி இறங்கிய நாளில் இலை நுனிகள் கோப்பி நிறமாகியிருந்தன. வெள்ளைத் தூள் கரைந்து வழிந்துவிட்டது. தேன் மணம் போய், வேறொரு மணம் வந்தது. அதை எழுத வேண்டாம். இலையான்கள் விளிம்பில் வந்து இருந்தன, உள்ளே எட்டிப் பார்த்தன, எழும்பிப் போய் மீனில் இருந்தன. ஒன்றுகூட விழவில்லை.

"வயிறு நிறைஞ்சு கிடக்குது," என்றாள் இராசாத்தி. "செமிக்கட்டும்."

ஆனால் மத்தியானம் றொகானுக்குப் போன் எடுத்தாள். சத்தமாக வைத்துத்தான் கதைத்தாள், எங்களுக்கும் கேட்டது.

"என்ன தண்ணி மாமி விட்டனீங்கள்?"

"கோயிலிலை மந்திரிச்ச தண்ணி."

கம்பஹாவில் மழை பெய்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"மாமி, எங்கடை பழைய சாமியார் தண்ணி மந்திரிக்கேக்கை உப்பு மந்திரிச்சுப் போடுறவர் எல்லோ? அதுவும் கோயில் கிணத்துத் தண்ணி எல்லோ?"

"நாங்கள் மூண்டு பேரும் குடிச்சுப் பாத்துத்தான் விட்டனாங்கள். ஒரு துளி உப்பு இல்லை."

"மாமி," என்றான் பெடியன். அழுகிற குரல். "நீங்கள் மூண்டு பேரும் குருநகர்."

உண்மைதான். பிறந்த நாள் தொடங்கி உப்புக் காற்றை மூச்சாக எடுத்து, உப்புக் கிணற்றில் குளித்து, உப்பு மீனைத் தின்ற நாக்கு. அதற்கு உப்பைத் தெரியாது. கடலையே உப்பென்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில்தான் சொல்லித் தந்தார்கள்.

மழைத் தண்ணீரால் கழுவினால் சில நேரம் தப்பலாம் என்றான் றொகான். இராசாத்தி போனை வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தாள். ஐப்பசி வரைக்கும் அங்கே பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் சிவதர்ஷன் வந்தார். இந்த முறை ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. பரணை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தகரங்களையும் சிரட்டைகளையும் குனிந்து பார்த்தார். மண்ணும் குச்சியும்தான்.

"இதென்னம்மா?"

"குட்டி வைக்கத் தம்பி."

"என்ன குட்டி?"

அவள் அவரை முக்காலியடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாளியைக் காட்டினாள். உது இலையான் தின்னும், இப்ப கொஞ்சம் சுகமில்லை, இருந்தாலும் இவ்வளவு தின்றிருக்குது என்று சொல்லி ஈர்க்கை எடுத்துக் கிளறினாள். செத்த இலையான்கள் மேலே வந்தன. சிவதர்ஷன் போனில் லைற்றைப் போட்டு உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் குழாய் எடுத்து, தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சி, வெயிலுக்குப் பிடித்தார். அதற்குள் நூல் துண்டு மாதிரி என்னவோ துள்ளித் துள்ளி நெளிந்தது.

"அம்மா, உது நுளம்புக் குடம்பி."

"என்ன தம்பி?"

"நுளம்பு முட்டையிட்டுப் புழு வந்திருக்கு. டெங்கு நுளம்பா இருக்கலாம். போன மாரியிலை இந்தத் தொடர்மாடியிலை எத்தினை பேர் ஆஸ்பத்திரியிலை கிடந்தவை தெரியுமே?"

"உப்புத் தண்ணிக்கை நுளம்பு வராது, ஐயா," என்றேன் நான். இதையாவது சொல்லிப் பார்க்கலாம் என்று.

"இப்ப வருது, ஐயா. அது உப்புக்கும் பழகீட்டுது."

என் ஆயுளில் நான் சொன்ன எந்தக் கதையும் இந்த அளவுக்கு இருந்ததில்லை. அவர் அதைக் குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொல்லிவிட்டார்.

இராசாத்தி அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவருடைய கையைப் பிடித்தாள்.

"கொஞ்சம் பொறுங்கோ தம்பி. உதையும் அது தின்னும். எழும்பினா உதையும் தின்னும்."

சிவதர்ஷன் கையை இழுக்கவில்லை. ஹெல்மெட்டுக்குள் அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. "அது செத்துப்போச்சம்மா," என்றார். மெல்ல ஒரு இலையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். அடியோடு கழன்று வந்தது.

"இலையான் மட்டுமெண்டால் ஏதும் தவணை கேட்டுப் பாத்திருப்பன். இப்ப நுளம்பும் சேந்திட்டுது. நான் விட்டிட்டுப் போனா நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஏதும் நடந்தால் என்னைத்தான் கேப்பினம். கேக்கத்தானே வேணும்?"

"அப்ப நான் எங்கை தம்பி கொண்டுபோய்க் காயவிடுறது?"

அவர் கடலைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அங்கே காயவிட முடியாது.

திங்கட்கிழமை மாநகர சபையின் உழவு இயந்திரம் வந்தது. பெட்டியில் மூன்று தொழிலாளிகள். பரணில் சூடை கிடந்தது, அரைவாசி காய்ந்தபடி. அவர்கள் நல்ல பொடியங்கள். "அம்மா, நீங்கள் ஆறுதலா அள்ளுங்கோ, நாங்கள் நிக்கிறம்," என்று சொல்லிப் பூவரசு நிழலில் இருந்தார்கள். நான் என் கதிரையை ஒருவனுக்குக் கொடுத்தேன். இராசாத்தி ஒவ்வொரு மீனாக எடுத்து ஓலைக் கடகத்தில் அடுக்கினாள். கொட்டவில்லை, அடுக்கினாள். பிறகு அவர்கள் எழுந்து தடிகளைப் பிடுங்கினார்கள். கன காலம் உப்பு ஊறிய தடிகள், ஒன்றும் முறியவில்லை. தகரங்களையும் சிரட்டைகளையும் கொட்டி ஏற்றினார்கள். வாளியை ஒருவன் கையை நீட்டி, தள்ளிப் பிடித்துக்கொண்டு போனான்.

தனுஷா ரீச்சர் கீழே வந்து மதிலோரம் நின்றார்.

"அக்கா, நான் இலையானைத்தான் சொன்னனான். உங்களைச் சொல்லேல்லை."

"ஓம் ரீச்சர். இலையான் என்னட்டை எல்லோ வந்தது," என்றாள் இராசாத்தி. அதில் குத்தல் இருக்கவில்லை. இருந்திருந்தால் ரீச்சருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு கடகம் சூடை மிஞ்சியது. அரைவாசி காய்ந்த மீன் பச்சை மீனுமில்லை, கருவாடுமில்லை. சந்தையில் அதற்குப் பெயரே கிடையாது. விரித்துவிட இடமில்லை. வீட்டுக் கூரை சரிவான தகரம். ஒழுங்கைக்காரர் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள்; ஒருவரும் தங்கள் முற்றத்தைக் காட்டவில்லை. நானும் காட்டவில்லை. எனக்கு முற்றம் கிடையாது. இருந்தாலும் காட்டியிருப்பேனோ தெரியாது. பின்னேரத்துக்குள் அது புழுத்துவிடும்.

"கொண்டுபோய்க் கொட்டுவம்," என்றான் செபநாயகம்.

ஒரு கடகத்தை அவன் தூக்கினான். மற்றதை இராசாத்தியும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். படகு கட்டுகிற ஜெற்றி வரை நடந்தோம். இலையான்களும் வந்தன. எங்களுக்கு மேலே ஒரு கறுப்புக் குடை பிடித்த மாதிரி வந்தன. அன்று எங்கள் மூவர் தலையிலும் வெயில் படவில்லை என்பது உண்மை. எதிரே வந்த மனிதர்கள் பிரேத ஊர்வலம் என்று நினைத்து சைக்கிளை விட்டு இறங்கி நின்றார்கள்.

செபநாயகம் தன் கடகத்தைக் கவிழ்த்தான். உப்புப் போட்ட மீன் கடலில் தாழாது. வயிறு பிளந்தபடி எல்லாம் மிதந்தன, ஒன்றும் நீந்தவில்லை. நீர்க்காகம் ஒன்று வந்து ஒன்றைக் கொத்தியது. வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டது.

"பிடிச்ச மீனைக் கடலுக்குத் திருப்பிக் குடுத்த சம்மாட்டி நான் ஒருத்தன்தான் இருப்பன்," என்றான் செபநாயகம்.

"நீங்கள் பிடிச்சதே?" என்றாள் இராசாத்தி. "அது ஆரோ பிடிச்ச மீன்."

அவளுடைய கடகத்தையும் கவிழ்த்தோம். அவள் குனிந்து, கடகத்தின் அடியில் ஒட்டியிருந்த ஒரு சூடையைச் சுரண்டி எடுத்து, அதையும் போட்டாள். இலையான்கள் மிதக்கிற மீனுக்கு மேலே போய்ச் சுற்றின. அலை ஒன்று வந்தது. அவற்றுக்குக் கடல் பழக்கமில்லை. கூட்டமாகத் திரும்பி, எங்களைத் தாண்டிக் கரைப் பக்கம் போயின.

நாங்கள் ஆறுதலாகத்தான் நடந்தோம். செபநாயகத்துக்கு மூட்டு வலி. ஒழுங்கைக்கு வந்தபோது இலையான்கள் எங்களுக்கு முன்பே வந்து, பரண் நின்ற வெறும் மண்ணில் கறுப்பாகப் படிந்து இருந்தன. இராசாத்தி வெறுங் கடகத்தை இறக்கி வைத்துவிட்டுக் கையைத் தட்டினாள். எல்லாம் எழும்பின. கீழே மண் தெரிந்தது. பிறகு எல்லாம் திரும்ப வந்து அதே இடத்தில் இருந்தன. அவள் இன்னுமொருக்கா கையைத் தட்டினாள்.